கண்காட்சி எந்தத் தெருவில் நடந்தது?

“கண்காட்சி எங்க நடந்துச்சு?” என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள்.

“இணையத்துல.”

“அது எந்தத் தெரு?”

ஓவியக்காரி தன் காதைச் சந்தேகித்து, தடுப்புக் கண்ணாடியில் இருந்த ஓட்டைப் பக்கம் குனிந்தாள். கேள்வி அதேதான். கவுண்டர் பெண் கேலி செய்யவில்லை. அவளுடைய திரையில் ‘தெரு’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதன் தலையில் சிவப்பு நட்சத்திரம் ஒன்று மினுங்கியது. அதை நிரப்பாமல் அடுத்த கட்டம் திறக்காது. அவ்வளவுதான் விஷயம்.

“தெரு இல்லைங்க. கம்ப்யூட்டர்ல பாக்கறது. லிங்கை அமுக்கினா ஒரு கூடம் வரும். உள்ள நடந்து போகலாம். படங்களைக் கிட்டப் போய்ப் பாக்கலாம்.”

“நடந்து போகலாம்னு சொல்றீங்க. தெரு இல்லைன்னும் சொல்றீங்க.”

“ஆமாங்க.”

கவுண்டர் பெண் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். “மேடம், கலைஞர் விசாவுக்கு அங்கீகாரம் பெற்ற இடங்கள்ல கண்காட்சி நடத்தின ஆதாரம் வேணும். இடம்னா இடம். கதவு, சுவரு, கூரை. போய் இடத்துக்கு ஒரு ஆதாரம் வாங்கிட்டு வாங்க. நான் உங்களுக்காகத் தெருவை மட்டும் காலியா வெச்சுக்கறேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் பெரிய உதவி செய்வதுபோலச் சொன்னாள். ஓவியக்காரியும் உதவி பெற்றவள்போல நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ஓவியக்காரி வரைவதெல்லாம் துணிமணிதான். மொட்டை மாடிக் கொடியில் காயும் சட்டைகள், காற்றில் உப்பி நிற்கும் சட்டைகள், பிழிந்த முறுக்கு விடாத சட்டைகள். எல்லாம் அவள் வீட்டுக்காரருடையவை. அவர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான கையோடு வேறு நாட்டுக்கு வேலைக்குப் போனவர். அவருடைய விசா தனியாள் விசா. பெண்டாட்டியை அழைத்துக்கொள்ள அதில் வழியில்லை. ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வருவார், ஊரில் இருக்கும் நாளெல்லாம் தூங்குவார், சட்டைகளை விட்டுவிட்டுப் போவார். அவற்றைத் துவைத்துக் காயப்போட்டவள், காய்கிற நேரத்தில் வரைந்தாள். பகலில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாத்து வரையச் சொல்லிக்கொடுப்பாள். படங்கள் ஒவ்வொன்றும் கதவைவிட அகலம். மாடியிலிருந்து கீழே இறக்கவே முடியாத படத்தை எந்தக் கூடத்தில் கொண்டுபோய் மாட்டுவது? அதனால் இணையத்தில் மாட்டினாள். மூன்று முறை கண்காட்சி நடந்தது. எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள்.

அப்படிப் பார்த்த ஒரு கலைப்பள்ளியிலிருந்துதான் அழைப்பு வந்தது. ஒரு வருஷம் தங்கி வரையலாம், இடமும் வண்ணமும் தருகிறோம் என்றார்கள். அந்தப் பள்ளி அவள் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் அதே நகரத்தில் இருந்தது. அவர் அங்கிருந்தே விசாரித்துச் சொன்னார்: “என் குவார்ட்டர்ஸ்லேர்ந்து பஸ்ல கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள இறங்கிடலாம்.” அன்றைக்கு அவள் வாத்துக்கு நான்கு கால் போட்டுக்கொடுத்துவிட்டாள். பிள்ளைகள்தான் சிரித்துத் திருத்தினார்கள்.

இணையக் கூடத்தைக் கட்டிக்கொடுத்தவள் அவளுடன் படித்த தோழி. கல்லூரியில் எந்நேரமும் புரொஜெக்டர் கம்பியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்ததால் அவளுக்கு ஒயர் என்று பேர் வந்து, அதுவே நிலைத்துவிட்டது. இப்போது அவள் கட்டட நிறுவனங்களுக்குப் படம் செய்து கொடுக்கிறாள். அஸ்திவாரமே போடாத வீட்டின் வரவேற்பறையில் ஆட்கள் உட்கார்ந்து சிரிப்பதுபோல இருக்குமே, அந்தப் படம். அப்படி ஒரு நிறுவனம் வேண்டாமென்று தள்ளிய ஒரு வீட்டுப் படத்தைத்தான் சுவர்களை இடித்துக் கூடமாக்கித் தந்திருந்தாள். அடுப்பு மேடையை எடுத்துவிட்டாள். குழாயை எடுக்க மறந்துவிட்டாள். மூன்றாவது அறையில், ஈரச்சட்டைப் படத்துக்குப் பக்கத்தில், சுவரில் ஒரு குழாய் சும்மா நின்றுகொண்டிருந்தது.

“இடத்துக்கு ஆதாரம்தானே, சர்வர் கம்பெனியக் கேட்டா குடுப்பான்டீ,” என்றாள் ஒயர்.

கேட்டார்கள். மிக மரியாதையாக ஒரு கடிதம் வந்தது. தங்கள் கண்காட்சி எங்களுடைய இன்ன கட்டடத்தில், இன்ன தெருவில், இன்ன நாட்டில் பத்திரமாக இருக்கிறது. அது அவள் இருக்கும் நாடும் இல்லை, வீட்டுக்காரர் இருக்கும் நாடும் இல்லை. வருஷம் முழுக்கப் பனி பெய்யும் மூன்றாவது நாடு. மெஷின்கள் சூடாகாமல் இருக்க அங்கேதான் வைப்பார்களாம். ஓவியக்காரிக்கு உள்ளூர நிம்மதி. கடைசியில் ஒரு தெரு கிடைத்துவிட்டது.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். தெருப் பெயரைக் கண்டதும் கவுண்டர் பெண்ணின் நட்சத்திரம் அணைந்தது. கூடவே ஃபைல் பக்கத்து அறைக்குப் போனது. அது பயண வரலாற்றுப் பிரிவு. அங்கே இருந்தவர் இருமல் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கியபடியே பேசுகிறவர். ஒவ்வொரு கேள்விக்கு முன்பும் அதை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொள்வார்.

“இந்தப் பனி நாட்டுக்கு எப்ப போனீங்க?”

“நான் எங்கயுமே போனதில்லைங்க. பாஸ்போர்ட்ட பாருங்க, வெள்ளையா இருக்கு.”

“அதனாலதான் கேக்கறேன். கண்காட்சி அந்த நாட்டுல நடந்திருக்கு, நீங்களே கடிதம் குடுத்திருக்கீங்க. திறப்பு அன்னிக்கு ஓவியர் பார்வையாளர்களோட உரையாடினார்னு இங்க போட்டிருக்கு. உரையாடினது யாரு?”

“நான்தான்.”

“எங்க நின்னுக்கிட்டு?”

“உக்காந்துக்கிட்டு. எங்க வீட்டு முன்னறை ஜன்னல் பக்கம். அங்கதான் சிக்னல் எடுக்கும்.”

“உரையாடல் நடந்தது?”

“கூடத்துல.”

“கூடம் இருக்கறது?”

இருமல் மிட்டாய் மறு கன்னத்துக்குப் போனது.

“கோபப்படாதீங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க போதும். நீங்க அங்க இருந்தீங்கன்னா, விசா இல்லாம ஒரு நாட்டுக்குள்ள போயிருக்கீங்க. அது குத்தம். அங்க இல்லைன்னா, ஓவியரே இல்லாத கண்காட்சி. அது ஆதாரம் ஆகாது. உங்களுக்கு எது வசதி?”

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னாள். மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் இணைப்புப் போட்டு ஓய்வு பெற்றவர். மகன் எதிரே உட்கார்ந்திருந்தாலும் தொலைவில் இருப்பவனிடம் பேசுகிற குரலில்தான் பேசுவார். 

“இந்த நாற்காலில உக்காந்துக்கிட்டே ஊரு உலகத்தை எல்லாம் ஒண்ணு சேத்தோம்மா நாங்க. எவனும் எங்களை எங்க போனேன்னு கேட்டதில்ல. குரல் போகும், ஆளு போகாது. இது கூடத் தெரியாதா அவனுக்கு? அப்படியே எழுதிக் குடு.”

அப்படியே எழுதிக் கொடுத்தாள். ‘மேற்படி கண்காட்சிக்கு என் குரல் சென்றது. நான் செல்லவில்லை. குரல் அன்றைக்கே திரும்பிவிட்டது.’ கடைசி வரி ஒயர் சேர்த்தது.

இருமல் மிட்டாய்க்காரர் அதை இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது. “நல்ல வாக்குமூலம். குரலுக்கு விசா தேவையில்ல,” என்றார். பிறகு எதையோ நழுவவிட்டவர்போல யோசித்துவிட்டு, “இதுவரைக்கும்,” என்று சேர்த்து, பக்கத்தில் இருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அடுத்தது நேரடி ஆய்வு. கண்காட்சிக் கூடத்தைத் தலைமை மதிப்பீட்டாளர் நேரில் பார்வையிடுவார், கூடம் திறப்பு நாளில் இருந்த நிலையிலேயே இருக்க வேண்டும், அதிகாரிகள் அமர இருக்கைகளும் குடிநீர் வசதியும் செய்யப்பட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

“நேர்லன்னா எப்படிடீ? அவங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருவாங்க. அதுக்கு நாற்காலி நாமளா போடணும்?” என்றாள் ஒயர். ஆனாலும் கூடத்தில் இரண்டு நாற்காலி வரைந்து வைத்தாள். குடிநீருக்குக் குழாய் இருக்கவே இருந்தது.

ஆய்வு நாளன்று மாமியார் நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டருக்கு முன்னால் ஓவியக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்தார். கூடத்துக்குள் வருகிறவர்களுக்கு முகமில்லாத சாம்பல் நிறப் பொம்மை உருவம் ஒன்று கிடைக்கும். தலைக்கு மேலே பதவி எழுதியிருக்கும். இருமல் மிட்டாய்க்காரரின் பொம்மை முதலில் வந்தது. வந்தும் வராததுமாய், “தீயணைப்புக் கருவி எங்க?” என்றது.

ஒயர் தன் வீட்டிலிருந்தபடியே சுவரில் ஒரு சிவப்பு உருளையை வரைந்தாள்.

“காலாவதி தேதி இல்லையே.”

தேதி வந்தது.

“நான் எத்தனையோ கட்டடம் பாத்திருக்கேன்,” என்றார் இருமல் மிட்டாய்க்காரர் நெகிழ்ந்துபோய். “சொன்ன உடனே திருத்திக்கற கட்டடம் இதுதான்.”

பிறகு அவர் முதல் படத்துக்கு முன்னால் போய் நின்றார். கோடு போட்ட சட்டை. “இது யாரோட சட்டை?”

“எங்க வீட்டுக்காரரோடது.”

“அவர் எங்க இருக்கார்?”

“உங்க நாட்டுலதான். லிஃப்ட் மெக்கானிக்.”

“சட்டை?”

“இங்க.”

“அப்ப அங்க அவர் சட்டை இல்லாம இருக்காரா?”

“வேற சட்டை வெச்சிருக்கார்.”

அதையும் குறித்துக்கொண்டார். சட்டையைப் படமாக்க ஆட்சேபணை இல்லை என்று சட்டைக்குரியவரிடம் கடிதம் வாங்கச் சொன்னார். மாமியார் மைக்கை நோக்கிக் குனிந்து, “சட்டை வாங்கிக் குடுத்தது நான்,” என்றார். அப்படியானால் அவரிடமும் ஒரு கடிதம் தேவை என்றார் இருமல் மிட்டாய்க்காரர்.

தலைமை மதிப்பீட்டாளர் தாமதமாக வந்தார். அவருடைய பொம்மை வாசலில் கொஞ்ச நேரம் தன்னைத்தானே சுற்றியது. அவருக்கு விசைகள் பழக்கமில்லை. பிறகு ஒரே வேகமாகப் புறப்பட்டு முதல் அறை, இரண்டாம் அறை எல்லாவற்றையும் எதையும் பார்க்காமல் கடந்து, மூன்றாவது அறையின் சுவரில் போய் மோதி, நிற்காமல் உள்ளே நுழைந்து, பாதியில் நின்றது. ஈரச்சட்டைக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு தோளும், ஒரு கையும், முக்கால் தலையும் மட்டும் வெளியே தெரிந்தன.

“ஐயா, கொஞ்சம் பின்னாடி வாங்க,” என்றாள் ஓவியக்காரி.

“நான் சரியாத்தான் நிக்கறேன்,” என்றது சுவர். “ஆய்வு உரையை ஆரம்பிக்கலாமா?”

ஆரம்பித்தார்.

“கலைஞர்கள் மேல எனக்குத் தனி மரியாதை உண்டு. எங்க அலுவலகத்துல வருஷா வருஷம் ஓவியப் போட்டி நடத்தறோம். போன தடவை முதல் பரிசு எனக்குத்தான். தேர்வுக்குழுத் தலைவரும் நானே இருந்ததால முடிவு அறிவிக்கத் தாமதம் ஆகல. கலைக்கு எல்லை இல்லைன்னு சொல்வாங்க. நான் முழுசா ஒத்துக்கறேன். கலைக்கு இல்ல, கலைஞருக்குத்தான். படம் எங்க வேணா போகட்டும். படம் திரும்பிப் போகும்னு நம்பலாம், மனுஷங்களை அப்படி நம்ப முடியறதில்ல. அதனால வரைஞ்சவங்க வரிசைல நிக்கத்தான் வேணும். யாரும் எங்க நாட்டுக்கு வரக் கூடாதுன்னு நாங்க நினைக்கறதே இல்ல. தகுதியானவங்க தாராளமா வரலாம். ஆனா ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. தகுதியானவங்களுக்கு அவங்க ஊர்லயே நல்லாத்தானே போகும்? அவங்க எதுக்கு வரணும்? வரணும்னு விண்ணப்பம் போடறதே தகுதி குறைவுக்கு முதல் ஆதாரம். அந்த ஆதாரத்தையும் தாண்டி ஒருத்தரை அனுமதிக்கறோம்னா எங்க பெருந்தன்மைய நீங்க புரிஞ்சுக்கணும்.”

இருமல் மிட்டாய்க்காரரின் பொம்மை கைதட்டியது. அதற்குக் கைதட்டும் விசை எப்படியோ தெரிந்திருந்தது.

உரை முடிந்து கிளம்பும்போதுதான் சிக்கல். பொம்மை வெளியே வரவில்லை. முன்னால் போனால் சுவர், பின்னால் போனாலும் சுவர். ஒயர் தன் பக்கமிருந்து இழுத்துப் பார்த்தாள். கடைசியில் தலைமை மதிப்பீட்டாளர், “சாப்பாட்டு நேரம்,” என்று சொல்லிக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனார். அவர் போய்விட்டார். பொம்மை நின்றுவிட்டது.

ஒரு வாரம் பொறுத்து விண்ணப்ப நிலையைப் பார்த்தாள். ‘ஆய்வு நடைபெறுகிறது.’ அடுத்த வாரமும் அதுவே. நேரில் போய்க் கேட்டபோது கவுண்டர் பெண் விளக்கினாள்.

“ஆய்வு அதிகாரி கூடத்தோட கதவு வழியா வெளிய வந்து, வந்தாச்சுன்னு பதிவானாத்தான் ஆய்வு முடியும் மேடம். அவர் இன்னும் உள்ளதான இருக்கார்?”

“அவர் பின்னாடி அறைல டீ குடிச்சுட்டு இருக்காரே. நான் இப்பதான் பாத்தேன்.”

“அது அவர். ஆய்வு அதிகாரி உங்க சுவருக்குள்ள இருக்கார்.”

“பொம்மைய நாங்களே அழிச்சுடட்டுமா?”

கவுண்டர் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். “பணியில இருக்கற அதிகாரிய அழிக்கறேன்னு சொல்றீங்க. நான் அதை எழுதாம விடறேன். நீங்களும் சொல்லாதீங்க.”

ஓவியக்காரிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் தன்னுடையது இல்லாததுபோல ஆகுமே, அப்படி இருந்தது. வழியெல்லாம் கீழுதட்டைக் கடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். வீட்டுக் கண்ணாடியில் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூடத்துக்குள் ஒரு நடை போய்ப் பார்த்தாள். சுவரில் அந்தக் கை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. கலைப்பள்ளியிலிருந்து, எப்போது வருகிறீர்கள் என்று ஒரு கடிதம் வந்தது. பிறகு, வருகிறீர்களா என்று ஒரு கடிதம் வந்தது. வீட்டுக்காரர் போனில், “எதாவது தெரிஞ்சுதா?” என்பார். “நடந்துக்கிட்டு இருக்குங்க,” என்பாள். அவர் லிஃப்டுக்கு மேலே உள்ள மெஷின் அறையில் இருந்து பேசுவார். மெஷின் ஓடும்போது இருவரும் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார்கள். நாள் போகப் போக, மெஷின் நின்ற பிறகும் இருவரும் பேசாமல் இருந்தார்கள்.

இதற்கிடையில் கூடத்துக்கு ஆள் வரத்து கூடியது. யாரோ ஒருவர் சுவரில் நிற்கும் அதிகாரியைப் படமெடுத்துப் பரப்பிவிட்டார். ஒரு வெளிநாட்டு விமர்சகர் நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். சட்டைகள் பரவாயில்லை, ஆனால் இந்த ஓவியரின் உச்சம் மூன்றாவது அறையில் இருக்கிறது. பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, குழாயை நோக்கிக் கை நீட்டி, நீர் அருந்த முடியாமல் நிற்கும் அந்த அரசு ஊழியர் நம் காலத்தின் சிற்பம் என்று எழுதினார்.

“உன் படத்தைப் பரவாயில்லைன்னுட்டானே,” என்றார் மாமியார்.

“பரவாயில்லை அத்தை.”

விசா அலுவலகம் அந்தக் கட்டுரையை அவளுக்கு முன்பே படித்திருந்தது. மறுநாளே அழைப்பு வந்தது. தலைமை மதிப்பீட்டாளர் எழுந்து நின்று வரவேற்றார். அவருடைய மேஜைக்குப் பின்னால், அவருடைய பரிசு ஓவியத்துக்குப் பக்கத்தில், சுவரில் தான் நிற்கும் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

“நீங்க உலக அளவுல பேசப்படற கலைஞர்ங்கறதுக்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்,” என்றார். “எனக்கும் அதுல ஒரு பங்கு உண்டுன்னு விமர்சகருக்கு எழுதியிருக்கேன். அது இருக்கட்டும். ஆய்வு முடிஞ்சதா அறிவிச்சுட்டோம். சுவருக்குள்ள இருக்கற அதிகாரிக்கு அங்கயே இடமாற்றம் போட்டாச்சு. உங்க இணையக் கண்காட்சிய ஆதாரமா முழுசா ஏத்துக்கறோம். முழுசா.”

ஓவியக்காரி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். “ரொம்ப நன்றிங்க.”

“ஏத்துக்கிட்டதால என்ன ஆகுதுன்னா,” என்று அவர் தொடர்ந்தார், “ஒரு கலைஞர் ஒரு நாட்டுக்குப் போகாமலே அங்க இருக்கலாம், பேசலாம், பேர் வாங்கலாம்னு நீங்களே நிரூபிச்சுட்டீங்க. வாக்குமூலமும் குடுத்திருக்கீங்க, அருமையான வாக்குமூலம். இதை நாங்க மறுத்தா உங்க ஆதாரத்தை மறுத்த மாதிரி ஆகும். அதனால ஆதாரம் எந்த வகையோ, அதே வகைலதான் விசா. இணைய வசிப்பு விசா. இந்தப் பிரிவுல முதல் விசா உங்களுக்குத்தான். ஒரு வருஷம் நீங்க எங்க நாட்டுல தங்கலாம், உங்க வீட்டுல இருந்தே.”

அவள் அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். “நான் எப்ப கிளம்பலாம்ங்க?”

“கிளம்பறதா? நீங்க போய்ச் சேந்தாச்சு.” பாஸ்போர்ட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். வெள்ளைத் தாளில் வட்டமாக ஒரு முத்திரை. ‘வருகை பதிவானது.’ “காலைல நானே குத்தினேன்.”

“கலைப்பள்ளில இடம் குடுத்திருக்காங்களே...”

“அவங்களுக்கும் எழுதிட்டோம். உங்க லிங்க்கை அனுப்பிட்டோம். ரொம்ப சந்தோஷப்பட்டாங்க, அந்த அறைய வேற ஒருத்தருக்குக் குடுத்துடலாமாம்.” அவர் கை குலுக்கினார். “எங்க நாட்டுக்கு நல்வரவு.”

இருமல் மிட்டாய்க்காரர் கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினார். வெளியே வரிசையில் நின்றிருந்தவர்கள், விசா கிடைத்தவள் என்று அவள் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு பெண் பின்னாலேயே வந்து, “என்னென்ன குடுத்தீங்க மேடம்?” என்று கேட்டாள். ஓவியக்காரி நின்று, ஒவ்வொன்றாக, ஒன்றும் விடாமல் சொன்னாள். அந்தப் பெண் மடமடவென்று குறித்துக்கொண்டாள்.

வீட்டில் மாமியாரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கேட்டதும் மாமியார் வழக்கமான உரத்த குரலில் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் பாஸ்போர்ட்டை வாங்கி, முத்திரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “சரி. அவன் லீவுக்கு வருவான்ல. அடுத்த மாசம்தானே,” என்றார்.

“ஆமா அத்தை.”

அந்த நினைப்பில் இருவரும் ஒருவாறு இருந்தார்கள். விடுப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டதாக அவர் முன்பே சொல்லியிருந்தார். மாமியார் அவர் படுக்கும் அறையைக் கழுவிவிட்டார். ஓவியக்காரி மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தாள்.

அடுத்த வாரம் அவர் போன் செய்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிற்கும் வரை காத்திருந்தாள்.

“லீவு இல்லன்னுட்டாங்க,” என்றார்.

“ஏன்?”

“குடும்பத்தைப் பாக்கப் போறதுக்குத்தானே அந்த லீவு? கம்பெனிக்கு விசா ஆபீஸ்லேர்ந்து கடிதம் வந்திருக்கு. என் பெண்டாட்டி இந்த நாட்டுக்கு வந்து சேந்தாச்சாம். குடும்பத்தோட தங்கியிருக்கறவங்களுக்கு அந்த லீவு கிடையாதாம். நான் சொல்லிப் பாத்தேன். மேனேஜர் என்னையே திட்டறான். பெண்டாட்டிய பக்கத்துலயே வெச்சுக்கிட்டு ஊருக்கு யாரைப் பாக்கப் போறேன்னு கேக்கறான்.”

“அத்தைய பாக்கன்னு சொல்லலியா?”

“சொன்னேன். அம்மாவும் அந்த ஆய்வுல பேசியிருக்காங்களாம். குரல் பதிவாயிருக்காம். அதையும் விசாரிக்கறாங்களாம்.”

மறுபடி மெஷின் ஓடியது. யாரோ மேல்மாடிக்குப் போய் இறங்கினார்கள்.

“அழறியா?” என்றார்.

“இல்லைங்க.” உண்மையிலேயே இல்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“அந்த லிங்க்கை அனுப்பு. நான் ஒரு தடவைகூட வந்து பாக்கல.”

அனுப்பினாள். தானும் கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே போனாள். வாசலில் ஒரு சாம்பல் பொம்மை வந்து நின்றது. தலைக்கு மேலே ‘விருந்தினர்’ என்று இருந்தது. அவருக்கும் விசைகள் பழக்கமில்லை. போனில் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, தூணில் இடித்து, மெதுவாக அவளருகே வந்தார். கோடு போட்ட சட்டைக்கு முன்னால் இருவரும் நின்றார்கள். பொம்மைகளுக்குத் தலையைத் திருப்பத் தெரியாது. அதனால் சட்டையைத்தான் பார்க்க முடிந்தது.

“ஒரு பட்டன் இல்ல இதுல.”

“வரையறப்பவே இல்ல.”

இடித்து இடித்து இருவரும் மூன்றாவது அறைக்கு வந்தார்கள். “இது என்ன, ஆளு சுவத்துக்குள்ள?”

“அவர் இங்க வேலை பாக்கறார்.”

அவர் சிரித்தார். நீண்ட நாளைக்குப் பிறகு அவர் சிரிப்பதைக் கேட்டாள். தானும் சிரிக்கலாம் என்று நினைத்தாள், அதற்குள் மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. யாரோ கீழே கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். பொம்மை மட்டும் கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் நின்றது. பிறகு அதுவும் போய்விட்டது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“எங்கம்மா இருக்கே?” உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார்.

“வெளிநாட்டுல, அத்தை.”

அடுக்களையில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

“சரி. வரும்போது பால் வாங்கிட்டு வந்துடு.”

அவள் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, செருப்பு மாட்டிப் படியிறங்கினாள்.